அசல்மானியின் இருட்டு

பரமக்குடியில் இப்போது யாரும் பழைய கதை பேசுவதில்லை. பேசினால் பச்சை ஏறிவிடும்.

ஒரு நினைவை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மூளை அதைப் புதுப் புரதத்தால் மறுபடி கட்டிவைக்கிறது. கட்டும்போது கொஞ்சம் மாற்றியும் விடுகிறது. ஆய்வகத்தில் பிறந்த ஒளிச்சாயத்தைப் பத்து வருடங்களுக்கு முன் ஊரே விழுங்கியது. அதன்பின் உருவான நினைவுப் புரதமெல்லாம் அசல்மானி என்ற சோதனைக் கருவியின் திரையில் பச்சையாக ஒளிரும். இருட்டாக இருந்தால் தொடாத நினைவு, அசல். பார்த்தால் அசல் கெட்டுவிடும் என்று கல்யாண ஆல்பங்கள் பரணுக்குப் போயின.

சிறுவயதில் அப்பாவோடு பாம்பன் பாலத்தில் ரயிலில் போன ஒரு மாலை குயிலியிடம் இருந்தது. அப்பா இப்போது இல்லை. சாயம் விழுங்கிய நாளிலிருந்து அந்த மாலையை அவள் நினைக்கவே இல்லை. அது தானாக எட்டிப் பார்த்தால் வாய்ப்பாடு சொல்லி விரட்டுவாள். அசல் என்று உறுதியானதும் ஒரே ஒரு முறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் இன்று சோதனைக்கு வந்திருந்தாள்.

கூட வந்த அக்கா மலர்க்கொடி, அதே மாலையை வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லித் தீர்த்தவள். அவள் திரை நெல்வயல் மாதிரி இருக்கும்.

"போன தடவை அப்பாவோட துண்டு பறந்துச்சுன்ன. இப்பக் குடைங்கிற" என்றாள் குயிலி.

"ஏதோ ஒண்ணு பறந்துச்சுல்ல? விடுடி."

கருவியை இயக்கும் சவரிராஜ், குயிலியின் காதருகே "பாம்பன்" என்றான். திரை கும்மிருட்டாக இருந்தது.

"நூத்துக்கு நூறு மேடம்! இப்படி ஒரு அசலை நான் பாத்ததே இல்ல. இப்ப நல்லா நினைச்சுப் பாருங்க."

குயிலி கண்களை மூடினாள். பாலம் வந்தது, காலண்டர் படத்தில் இருப்பது போல. அப்பா வந்தார், மாலை போட்ட புகைப்படத்திலிருந்து. அந்த மாலைப்பொழுது மட்டும் வரவில்லை.

"ஒண்ணுமே வரலையே தம்பி."

சவரிராஜ் படத்தைப் பெரிதாக்கினான். அவன் சிரிப்பு போய்விட்டது. புதுப்பிக்காத இணைப்புகளெல்லாம் உதிர்ந்து, அங்கே எதுவுமே இல்லை. தொடாத நினைவும் இருட்டு. இல்லாத நினைவும் இருட்டு. இத்தனை வருடங்களாக எத்தனை வெற்றிடங்களுக்கு அவன் அசல் முத்திரை குத்தியிருக்கிறான்!

குயிலி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா... நீ சொல்லேன்."

"என்னோடது பச்சையாச்சேடி."

"பரவால்ல, சொல்லு."

"சன்னலோரம் நீதான் உக்காந்த, சண்டை போட்டு. பாலத்துல ஏறினதும் அப்பா எந்திரிச்சு நின்னு, கடலைப் பாத்து, 'வணக்கங்க, குடும்பத்தோட வந்திருக்கோம்'னாரு. காத்து குடையைப் பிடுங்கிட்டுப் போயிருச்சு. 'மரியாதை தெரியாத கடலு'ன்னு நீ திட்டுன."

குயிலி அழுதுகொண்டே சிரித்தாள். "துண்டுதானேக்கா?"

"உனக்கு எது வேணும்?"

குயிலி கொஞ்சம் யோசித்தாள்.

"குடை."

சற்று நேரத்தில், திரையின் இருட்டில் முதல் பச்சைப் புள்ளி ஒளிர்ந்தது.