குப்பைத்தொட்டி என்றொரு வீரன்

முழுப் பரீட்சை லீவு மொத்தத்தையும் ஒரு நோட்டுக்குள் கொட்டியவளுக்கு இப்படி ஒரு கதி வந்திருக்கக் கூடாது.

இசைவாணிக்குப் பதினோரு வயது. விழுப்புரத்தில், ரயில் சத்தம் கேட்கும் தெருவில் வீடு. தெருப் பிள்ளைகள் எல்லாம் வெயிலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தபோது, அவள் மட்டும் உட்கார்ந்து எழுதினாள். ஏழு கோட்டைகள், மூன்று ஆறுகள், ஒரு ராட்சசன், பன்னிரண்டு அரச குடும்பங்கள் என்று எண்பது பக்கம். பேர் வைக்க மட்டுமே ஒரு வாரம் ஆனது. சமரகோலாகலன், இந்திரவல்லி, விக்கிரமகேசரி என்று ஒவ்வொன்றையும் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துத்தான் வைத்தாள்.

புதுச்சேரியிலிருந்து வந்த சித்தப்பா மகன் சொல்லிக் கொடுத்த விளையாட்டு அது. ஒரு மேசை போதும். ஒருத்தர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வீரனாக மாறி, "நான் மதில் மேல ஏறுறேன்" என்பார்கள். ஏறினானா விழுந்தானா என்பதைப் பகடை சொல்லும். ஆறு விழுந்தால் வெற்றி. ஒன்று விழுந்தால் ஆள் காலி.

லீவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எல்லாரும் அவள் வகுப்புதான்.

"முதல்ல உங்க வீரனுக்குப் பேரு சொல்லுங்க. ஆளுக்கு ஒரு பேப்பர்ல எழுதிக்கிறேன்" என்றாள் இசைவாணி.

"போண்டா" என்றான் ஜெனித்.

"டேய், விளையாடாதடா."

"விளையாடத்தானே கூப்பிட்ட?"

அடுத்தவன் வல்லரசு. யோசிப்பது அவனுக்குப் பெரிய பேஜாரு. மல்லாந்து மேலே பார்த்தான். "சீலிங் ஃபேன்" என்றான்.

இசைவாணி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது ஆளைப் பார்த்தாள். கலைமதி நல்ல பிள்ளை. தமிழில் முதல் மார்க் வாங்குகிறவள். அவளாவது காப்பாற்றுவாள்.

கலைமதி மேசையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "குப்பைத்தொட்டி."

அதற்குப் பிறகு கதை எங்கே உருப்படும்? மன்னர் சமரகோலாகலன் கண்ணீரோடு எழுந்து நின்று, 'வீரர்களே, என் மகளை ராட்சசனிடமிருந்து காப்பாற்றுங்கள்' என்று கெஞ்சினார். 'கவலை வேண்டாம் மன்னா' என்று வாளை உருவினான் சீலிங் ஃபேன். ஜெனித் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தான். விழுந்தவனைப் பார்த்து வல்லரசு சிரித்தான். முதல் கோட்டையைக்கூட அவர்கள் தாண்டவில்லை.

கலைமதி மட்டும் சிரிக்கவே இல்லை. ஆத்திரத்தில் இருந்த இசைவாணி அதைக் கவனிக்கவில்லை.

எல்லாரும் போனபின் அவள் அந்தக் காகிதங்களில் இருந்த மூன்று பேர்களையும் நீலப் பேனாவால் அடித்தாள். போண்டாவுக்கு மேலே 'பூபாலன்' என்று எழுதினாள். சீலிங் ஃபேன் 'மாருதவேலன்' ஆனான். குப்பைத்தொட்டிக்கு மிக அழகான பேராக யோசித்து, 'ரத்தினசூடன்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

மறுநாள் பள்ளியில், சாப்பாட்டு நேரத்தில் காகிதங்களை நீட்டினாள். ஜெனித் தோளைக் குலுக்கிவிட்டு எலுமிச்சைச் சாதத்தைத் தொடர்ந்தான். கலைமதி வாங்கிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"யாருடி உன்னை மாத்தச் சொன்னது?"

கலைமதி கத்தி யாரும் கேட்டதில்லை. பக்கத்து வரிசைகூடத் திரும்பிப் பார்த்தது.

"ரத்தினசூடன் எவ்ளோ நல்லா இருக்கு. குப்பைத்தொட்டின்னு யாராவது வெப்பாங்களா?"

"எங்க வீட்ல வெப்பாங்க. எங்க அப்பா பேரு இன்னா? குப்புசாமி. அவருக்கு முன்னாடி பொறந்த ரெண்டு குழந்தைங்களும் தங்கல. அதனால அவரைக் குப்பையில போட்டுத் தூக்கி, குப்பைன்னு பேரு வெச்சாங்களாம். நல்ல பேரா இல்லன்னா எமன் திரும்பிப் பாக்காம போயிடுவானாம்."

"அதுக்கும் விளையாட்டுக்கும் என்னடி?"

கலைமதி காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்குத் தம்பி பொறந்துக்கறான்ல? ஏழு மாசத்துலயே பொறந்துட்டான். அம்மா பிரசவத்துக்குப் போன திண்டிவனத்துலருந்து ஆம்புலன்ஸ்ல கொண்டாந்து, இங்க பெரிய ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிக்கறாங்க. என் உள்ளங்கை அளவுதான் இருக்கானாம். என்னை உள்ள விடல."

இசைவாணி டிபன் பாக்ஸை மூடி வைத்தாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தம்பி பொறந்து, ஒரே நாள்ல போயிட்டான். அவன் அம்மா வயித்துல இருக்கும்போதே பேரு வெச்சிட்டோம். இளவரசன்னு. நான்தான் வெச்சேன்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "இவனுக்குக் குப்பைன்னு வெக்கலாம்னு சொன்னேன். அம்மா அழுதுச்சு. அதான் விளையாட்டுலயாவது இருக்கட்டும்னு... அது என் ஆள் இல்லடி. அது என் தம்பி."

"பேப்பர்ல எழுதினா என்ன ஆயிடும்? வெறும் பேப்பர்டி" என்றாள் இசைவாணி. ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. கலைமதி காகிதத்தை அவளிடமே திருப்பிப் போட்டுவிட்டு எழுந்தாள்.

கடைசி வகுப்பு தொடங்கும்போது கலைமதியின் அத்தை வாசலில் வந்து நின்றார். அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதால் கலைமதி இப்போது அத்தை வீட்டில்தான் இருந்தாள்.

"குழந்தைக்கு மூச்சு வாங்குதாம் டீச்சர். ஜல்தியா வரச் சொல்லி அவங்க அப்பா போன் பண்ணாரு. இவளைக் கூட்டினு போறேன்."

கலைமதி பையை எடுத்துக்கொண்டு போனாள். இசைவாணியின் பெஞ்சைத் தாண்டும்போது அவள் திட்டவில்லை. ஒருமுறை பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் இசைவாணி தோசையைப் பாதியில் வைத்துவிட்டு அந்தக் காகிதத்தை எடுத்தாள். ஒரு காகிதத்தில் எழுதிய பேரால் ஒரு குழந்தைக்கு மூச்சு வாங்காது. அது அவள் மூளைக்கு நன்றாகத் தெரிந்தது. மனசுக்குத் தெரியவில்லை. ரத்தினசூடன் என்ற எழுத்துகளைப் பார்க்கப் பார்க்க அழுகை வந்தது.

அந்தப் பேரை அடித்துவிட்டு, குப்பைத்தொட்டி என்று திரும்ப எழுதினாள். அப்போதும் மனம் ஆறவில்லை. நோட்டைப் புரட்டினாள். முதல் பக்கத்திலேயே சமரகோலாகலன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். இசைவாணி அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள்.

அடுத்த நாள் கலைமதி பள்ளிக்கு வரவில்லை. மணி அடித்ததும் மூன்று பேரும் அவள் அத்தை வீட்டுக்குப் போனார்கள். கலைமதி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டு தொடாமல் கிடந்தது.

"எப்படிடி இருக்கான்?" என்று கேட்டாள் இசைவாணி.

"மூச்சு விட மிஷின் வெச்சிக்கறாங்க. இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாதாம்."

"மன்னிச்சிக்கடி. பழைய பேரையே எழுதிட்டேன்."

இசைவாணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஆனா ஒண்ணு யோசிச்சேன்" என்று இசைவாணி நோட்டைப் பிரித்து அவள் மடியில் வைத்தாள். "எல்லாருக்கும் நல்ல பேரு, அவனுக்கு மட்டும் குப்பைப் பேருன்னா, கூட்டத்துல அவன்தானே எமன் கண்ணுக்குத் தனியா தெரிவான்? அதனால எல்லாத்தையும் மாத்திட்டேன்."

கலைமதி குனிந்து பார்த்தாள். சமரகோலாகலனை அடித்து, 'ஓட்டை டம்ளர்' என்று எழுதியிருந்தது. மகாராணி இந்திரவல்லி 'அறுந்த செருப்பு' ஆகியிருந்தாள். அடுத்த பக்கத்தில் தளபதி ஊசிப்போன குருமா, அமைச்சர் பழைய துடைப்பம், ஒற்றர் தலைவன் மூக்குச்சளி. ஏழு கோட்டைகளுக்கும் ஏழு சாக்கடைகளின் பேர். எண்பது பக்கத்திலும் ஒரு பேர் தப்பவில்லை.

"எமன் வந்தா மூக்கைப் பொத்திக்கினு ஓடிடுவான்" என்றான் ஜெனித்.

"இது எல்லாம் நீ லீவு பூரா உக்காந்து எழுதினதுடி" என்றாள் கலைமதி.

"இருக்கட்டும்."

"நிஜமாவே இது வேலை செய்யுமா?"

இசைவாணி பொய் சொல்லவில்லை. "தெரியலடி. டாக்டருங்க அவங்க வேலையைப் பாக்கறாங்க. நமக்கு இதான் தெரியும்."

கலைமதி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். 'மூக்குச்சளி குதிரை ஏறிப் பறந்தான்' என்ற வரியில் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டன. அத்தை உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சோற்றைச் சூடு பண்ணத் தட்டை எடுத்துப் போனார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து ஆடினார்கள். குப்பைத்தொட்டி மதில் ஏற வேண்டிய இடம் வந்ததும் கலைமதி பகடையைத் தொட மறுத்தாள். ஒன்று விழுந்துவிட்டால்?

"கதை சொல்றவ நான்தானே? இன்னிக்குப் பகடை கிடையாது" என்று இசைவாணி அதை எடுத்துப் பைக்குள் போட்டாள். போன வாரம் வரை விதியை மீறினால் சண்டைக்கு வருகிறவள் அவள்.

மறுநாளும் ஆடினார்கள். அதற்கு மறுநாளும். ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் ஒரே பதில்தான் வந்தது: அப்படியே இருக்கான். ஒரு வாரம் அப்படியே போனது. தினமும் அந்த வாசலில் இசைவாணி செருப்பை மெதுவாகக் கழற்றுவாள். உள்ளே என்ன சேதி காத்திருக்கிறதோ என்று பயந்துகொண்டே காலெடுத்து வைப்பாள்.

ஒன்பதாம் நாள் கலைமதி தெருமுனைக்கே ஓடி வந்தாள்.

"மிஷினை எடுத்துட்டாங்க! பாலாடைச் சங்குல அஞ்சு மில்லி பால் குடிச்சானாம்! அஞ்சு மில்லிடி!"

அஞ்சு மில்லி எவ்வளவு இருக்கும் என்று வல்லரசுக்குத் தெரியவில்லை. இருந்தாலும் அவன்தான் முதலில் குதித்தான்.

குழந்தை வீட்டுக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆனது. ஒரு சனிக்கிழமை அத்தை நான்கு பேரையும் பாசஞ்சர் ரயிலில் திண்டிவனத்துக்கு, கலைமதியின் அம்மாவுடைய பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போனார்.

கலைமதியின் அம்மா துணியை மெல்ல விலக்கிக் காட்டினார். உள்ளே ஒரு குட்டி முகம். கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு. குழந்தை ஒரு கொட்டாவி விட்டது.

"அய்யோ, எவ்ளோ அழ..." என்று ஆரம்பித்தான் ஜெனித். வல்லரசு அவன் காலை நறுக்கென்று மிதித்தான்.

கலைமதி இசைவாணியைப் பார்த்தாள்.

இசைவாணி நன்றாகக் குனிந்தாள். அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இப்படி ஓர் அழகை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"ச்சீ!" என்றாள் சத்தமாக. "இவ்ளோ மோசமான குழந்தையை நான் பாத்ததே இல்ல."

கலைமதியின் அம்மா திகைத்துப்போய் நிமிர்ந்தார். கலைமதியோ முகமெல்லாம் சிரிப்பாக, தம்பியின் காதருகே குனிந்து, "கேட்டியாடா?" என்றாள்.