உறியில் ஒரு கருவாட்டுப் பானை

அந்த வருஷம் விபூதி புதனுக்கு முதல் நாள், ஆரோக்கியம்மாள் தணலில் கருவாடு சுட்டாள். கணவருக்கும் மகளுக்கும் வைத்துவிட்டுத் தானும் ஒரு துண்டு தின்றாள். மிச்சத்தைப் பானைக்குள் போட்டு, வாயில் பழைய சேலைத் துணியை விரித்து, சணலால் சுற்றி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு உறியில் ஏற்றினாள். இனி ஈஸ்டர் என்கிற பாஸ்கு வரைக்கும் கவுச்சி கிடையாது. வேறு ஊர்களில் கறியை மட்டும் விடுவார்கள். ஆவூரில் மீன், முட்டை, கருவாடு எல்லாமே கவுச்சிதான். அந்த நாற்பது நாள் விரதமான தபசு காலம் தொடங்கினால் வீட்டுக்கு வீடு இப்படித்தான் பானை ஏறும்.

அந்த வீட்டில் மூவரும் சேர்ந்து வயிறாரச் சாப்பிட்டது அதுவே கடைசி.

மறுவருஷத் தபசு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கீரனூரிலிருந்து ஆவூர் போகும் பஸ்ஸில் கருவாட்டு நாற்றம் அடித்தது. பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நாற்றம் வந்தது, கண்ணாடி போட்ட ஓர் இளைஞனின் மடியில் இருந்த தகரப் பெட்டியிலிருந்து.

கண்டக்டர் நாகராசு அவன் பக்கத்தில் போய் நின்றார். "சார், பொட்டியில என்ன?"

"சாம்பிள்ங்க."

"சாம்பிளே இப்படின்னா... முழுச்சரக்கும் பின்னால லாரியில வருதா?"

பஸ் சிரித்தது. முன் சீட்டில் சாக்பீஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்த அருள்ராணி, ஆவூர் பள்ளிக்கூடத்து டீச்சர், திரும்பிப் பார்த்தாள். ஆரோக்கியம்மாளின் மகள். அவன் சிவந்துபோன முகத்தோடு பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய கண்கள்... கோபம் இல்லை. தான் என்ன தப்புச் செய்தோம் என்று நிஜமாகவே தெரியாத கண்கள். அவள் சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏன் திரும்பினோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

இறங்கும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். சாக்பீஸ் நனையக்கூடாது என்று அவளும், பெட்டி நனையக்கூடாது என்று அவனும் மூடிக் கிடந்த டீக்கடைக் கொட்டகைக்குள் ஒதுங்கினார்கள். கீற்று நுனியிலிருந்து நீர் சரம் சரமாக இறங்கியது...

"கருவாட்டு யாவாரமா?" என்றாள், மழையைப் பார்த்துக்கொண்டே.

"இல்லங்க. மதராஸ்ல ஒரு ஆஸ்பத்திரி. வயித்துல வர்ற புத்துநோயப் பத்தி ஆராய்ச்சி நடக்குது. இந்தப் பக்கம் ஏன் வருதுன்னு ஊர் ஊரா சாப்பாடு விசாரிக்கிறோம். உப்பு, காரம், கருவாடு, பொகையில..."

சாக்பீஸ் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. பிறகு மறுபடி துடைத்தது. தன் வீட்டைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. எப்படி விசாரிப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள். போன வாரத்தில் எத்தனை தடவை கருவாடு சாப்பிட்டீர்கள் என்று கேட்பதாகவும், பக்கத்துக் கிராமத்தில் எல்லாரும் 'இல்லை' என்று சொன்னதை அப்படியே குறித்துக்கொண்டதாகவும் அவன் சொன்னான்.

"தபசு காலத்துல கேட்டா வேற என்ன சொல்லுவாக? பாஸ்கு கழிஞ்சு வந்து கேளுங்க." அவள் இப்போது அவனை நேராகப் பார்த்தாள். "கழுத்துல சிலுவ கெடக்கு, நீங்களும் வேதக்காரர் மாதிரி தெரியுது. இதுகூடத் தெரியாதா?"

"ஞானாபரணம்னு பேருங்க. நாங்க லுத்தரன், வேற சபை. எங்க வீட்டுல தபசுலயும் மீன் கொழம்பு உண்டு."

"அதான் பொட்டி மணக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அம்மா போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அது நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மழை விடுவதற்கு முன்னாலேயே நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் அவன் அவள் வீட்டு வாசலில் நின்றான். அந்த நோயில் இறந்தவர்கள் வீட்டிலும், நோய் வராத வீட்டிலும் அவர்கள் ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். முதல் வகையில் இந்த வீடு இருந்தது. அவளைக் கண்டதும் அவன் முகத்தில் வந்த சந்தோஷம், அங்கே வந்த காரணம் உறைத்ததும் அப்படியே அடங்கிப்போனது.

அவளுடைய அப்பா பங்கிராஸ் பாய் போட்டு உட்காரவைத்தார். எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சாப்பாடு முதலில் எப்போது குறைந்தது என்று ஞானாபரணம் கேட்டான்.

"விபூதி புதன்லேருந்து. ரெண்டு வாய் வச்சதும் போதும்னுருவா. கடுமையா தபசு இருக்கான்னு நெனச்சோம். அவளப் பாத்துக் கத்துக்கங்கன்னு கோயில்ல பேசிக்கிட்டாக." அதைச் சொல்லும்போது அப்போதும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

ஞானாபரணத்தின் பேனா நின்றது.

பாஸ்கு அன்றைக்கு ஊரே கறியும் சோறுமாக இருந்தபோது, ஆரோக்கியம்மாளால் ஒரு பிடி இறக்க முடியவில்லை. அப்போதுதான் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார். ஆகஸ்டில், மாதா திருநாளுக்கு அவள் இல்லை.

அவன் அதையும் குறித்துக்கொண்டான். பிறகு கண் உறிக்குப் போனது. அந்தப் பானையிலிருந்து ஒரு துண்டு கிடைத்தால் உப்பு எவ்வளவு என்று சோதிக்கலாம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அது எங்கம்மா கட்டுனது," என்றாள் அருள்ராணி. "யாரும் அவுக்கல. அவுக்கவும் மாட்டோம்." கதவோரமாக நின்றிருந்தவள் ஓர் அடி முன்னால் வந்தாள். இத்தனை மாதமாக யாரிடமும் கேட்காததை அவனிடம் கேட்டாள். "சந்தையிலேருந்து கருவாடு வாங்கியார்றது நான்தான். அம்மாவுக்குப் புடிக்கும்னு வாரம் தவறாம வாங்கியாருவேன். அதனாலதானா?"

இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் நின்றாள். அவனுக்கும் அது தெரிந்தது.

"தெரியாதுங்க," என்றான்.

"தெரியாமத்தான் ஊர் ஊரா வந்து கேக்குறீங்களா?"

"தெரியாததுனாலதாங்க கேக்குறோம்."

"கேட்டாச்சுல்ல. போய்ட்டு வாங்க."

அவன் போய்விட்டான். மகள் இப்படி ஒருவரை அனுப்பியதில் பங்கிராசுக்கு வருத்தம். அவளுக்கு இல்லை... முதலில் இல்லை. நாள் போகப் போகத்தான் ஒன்று புரிந்தது. அம்மா செத்தபோது எல்லாரிடமும் ஒரு பதில் இருந்தது. விதி என்றார்கள். ஆண்டவர் சித்தம் என்றார்கள். கண்ணேறு என்றார்கள். யாருமே தெரியாது என்று சொல்லவில்லை. அதையே படிப்பாகப் படித்து வந்த ஒருத்தன்தான் சொன்னான். அவள் மனம் ஆறுவதற்காகக்கூட அவன் பொய் சொல்லவில்லை. அந்தக் கண்கள் அடிக்கடி நினைவுக்கு வந்தன. கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு நின்றுவிடுவாள்...

பாஸ்கு வந்தது. ஊரில் பானைகள் இறங்கின. அந்த வீட்டில் இறங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் கீரனூர் சந்தைக்குப் போனாள். அம்மா போனபிறகு அதுவே முதல் தடவை. கருவாட்டு வரிசையில் வியாபாரி மூக்கன் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு நெத்திலிய எப்படிய்யா நிறுக்கிறது?"

கண்ணாடிக்காரன்.

அவளைப் பார்த்ததும் அவன் பேச்சு குழறியது. தபசு காலத்தில் ஆவூர்ப் பக்கம் எழுதிய பதில்களையெல்லாம் தள்ளிவிட்டுத் திரும்பக் கேட்க வந்திருப்பதாகச் சொன்னான். மதராஸில் பெரிய டாக்டருக்குக் கோபம்தான். ஆனால் தப்பான பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றான். அவள் வீட்டுக்குக் கருவாடு வாங்குவது மூக்கனிடம்தான் என்று பங்கிராஸ் அன்றைக்கே சொல்லியிருந்தார்.

"நான் பானைய எறக்கித் தரலாம்னு இருந்தேன்," என்றாள் அவள். "அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்."

"வேணாங்க. இது போதும். அந்த முடிச்சு இருக்கட்டும்."

இருவரும் சந்தையைவிட்டு வெளியே நடந்தார்கள். மேகம் திரண்டிருந்தது. விசாரணையில் ஒரு கேள்வி கூடச் சேர்த்திருப்பதாக அவன் சொன்னான். விரதம் முடிந்த பிறகும் பசி வரவில்லையா என்ற கேள்வி. கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு பெண்ணிடம் அதைக் கேட்டார்கள். அவள் சாப்பிடாததை வெள்ளிக்கிழமை விரதம் என்று வீட்டில் விட்டிருந்தார்களாம். திருச்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"பொழைச்சுருவாகளா?"

"தெரியாதுங்க. ஆனா சீக்கிரமா போயிருக்காங்க. அது ஒங்க அம்மாவாலதான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதல் துளி அவள் கையில் விழுந்தது. அது மழை இல்லை. இரண்டாவது துளிதான் மழை.

"இன்னொன்னு கேக்கணும்," என்றான் அவன். "இது ஆராய்ச்சிக்கு இல்லங்க. அன்னிக்குக் கொட்டகையில நீங்க சிரிச்சதுலேருந்து... எனக்கு வேற ஊர்ல வேல ஓடல. ஒங்களக் கட்டிக்கணும்னு ஆசப்படுறேன். நான் லுத்தரன்தான். ஒங்க வீட்டுல என்ன சொல்லுவாங்கன்னு தெரியாது. ஒங்களுக்கு... ஒங்களுக்கு என்னன்னும் தெரியாது."

"எல்லாத்துக்கும் தெரியாதுதானா?" அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். கண் ஈரமாக இருந்தது, உதட்டில் சிரிப்பு. "இது எனக்குத் தெரியும். அந்த பஸ்லயே தெரியும்."

லுத்தரன் என்பதற்காகப் பங்கிராஸ் கொஞ்சகாலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே போய்ச் பங்குச் சாமியாரைப் பார்த்துக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க ஏற்பாடு செய்தார்.

இப்போதும் விபூதி புதனுக்கு முதல் நாள் அந்த வீட்டில் ஒரு பானையைக் கட்டி உறியில் ஏற்றுகிறார்கள். பாஸ்கு அன்று இறக்குகிறார்கள். அது பிறகு வாங்கிய பானை. பழையது பக்கத்து உறியில் இருக்கிறது. துணி நைந்துவிட்டது. முடிச்சு ஆரோக்கியம்மாள் போட்டதுதான்.