வெயிலில் பார்க்க வேண்டிய சிவப்பு

அன்று காலை வாசற்கதவு என்னைப் பற்றி ஏழு விநாடி யோசித்தது. வழக்கமாக இரண்டு விநாடிதான். முந்தின நாள் ஊறுகாயை ஒரு பிடி பிடித்திருந்தேன், அது ரத்த அழுத்தத்தில் தெரிந்திருக்கும். மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக நின்றேன். போனால் போகிறது என்று திறந்தது.

கோயம்புத்தூரில் எல்லோருக்கும் பொழுது இப்படித்தான் விடிகிறது. வீட்டின் வாசலிலும் தானாக ஓடும் தானூர்தியிலும் கைப்பிடி கிடையாது. கதவறிவு என்கிற சென்சார்த் தொகுதி நம் நாடியைப் படித்துவிட்டுத்தான் வழிவிடும். நான் அதைக் குறை சொல்கிறவன் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் அது திறக்கவே மாட்டேன் என்றது. கன்னாபின்னாவென்று திட்டினேன். பத்து நிமிடத்தில் ஆம்புலன்ஸ்காரர்களுக்குத் திறந்தது. மூளைக்குப் போகும் குழாயில் அடைப்பாம். இன்று நான் வாய் குழறாமல் பேசுவது அந்தக் கதவின் தயவு.

என் பெயர் அர்த்தநாரி. பழைய வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பது தொழில். பழைய வண்டி என்றாலும் என்னிடம் வருவதெல்லாம் கைப்பிடி ஒழிந்த பிறகு செய்தவை. அதனால் வடவள்ளியிலிருந்து தன்விகா என்ற பெண்மணி அழைத்து, அறுபது வயது ஸ்போர்ட்ஸ் காருக்குக் கதவுக் கைப்பிடி மாற்றிப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றபோது, ஆசையாகவே இழுவை வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

வீட்டை ஒட்டிய ஷெட்டின் ஷட்டர் என் வண்டியைக் கண்டதும் தானாக ஏறியது. உள்ளே தரையோடு தரையாக ஒரு சிவப்பு வண்டி, இரண்டே கதவு. ஒரு கதவில் கைப்பிடியே இல்லை. இன்னொன்றில் பாதி உடைந்து தொங்கியது.

"அதை நான்தானுங்ணா உடைச்சேன்," என்றாள் தன்விகா. நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு. ஷெட்டின் பின்சுவரை ஒட்டியே நின்றாள். "வாங்கின அன்னிக்கே. எவ்வளவு பலமா இழுக்கணும்னு தெரியலைங்க."

வெள்ளிக்கிழமையோடு வண்டியின் விலக்குச் சான்று முடிகிறதாம். கதவறிவைக் கட்டாயமாக்கிய சட்டத்துக்கு முந்தைய வண்டிகளுக்கு அது வேண்டியதில்லை. ஆனால் வெளிக் கைப்பிடி இரண்டும் கையால் இழுத்துத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் சான்று போய்விடும், கதவறிவு பொருத்தியாக வேண்டும்.

கலர் அட்டைகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். "இப்படி வெளிய வாங்க அம்மணி. எந்தச் சிவப்புன்னு வெயில்ல பாத்துச் சொல்லுங்க."

"இங்கயே பாக்கறனுங்ணா."

எனக்குச் சுருக்கென்றது. ட்யூப்லைட்டில் ஒத்துப்போகிற சிவப்பு வெயிலில் பல்லிளிக்கும். சொந்தக்காரர் வெயிலில் பார்த்துத் தலையாட்டாமல் நான் பெயிண்ட் கலக்குவதே கிடையாது. இருபது வருட வழக்கம். நாலடி நடந்து வரக்கூட இந்த அம்மணிக்கு நோகுதா என்று நினைத்தேன். நினைத்ததைச் சொல்லியும் விட்டேன்.

அவள் கோபப்படவில்லை. முன்னால் நடந்து வந்தாள். தரையில் இருந்த மஞ்சள் கோட்டை நெருங்கியதுமே ஷட்டர் கடகடவென்று இறங்க ஆரம்பித்தது. அவள் பின்னால் போனாள். அது மறுபடி ஏறியது.

"இதயம் சரியில்லைங்ணா. ஆபத்தெண் நாப்பதுக்கு மேல போனா எந்தக் கதவும் திறக்காது. எனக்கு அறுபத்தொண்ணு. பதினோரு மாசமாச்சு வெளிய போயி. ஆம்புலன்ஸ்காரங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறாங்க, கொண்டுவந்து விடறாங்க."

அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் இந்த வண்டி எதற்கு என்று புரிந்தது. வண்டி வந்தால் ஷட்டர் வண்டியைத்தான் பார்க்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பது வண்டியின் வேலை. இந்த வண்டிக்கோ பார்க்கத் தெரியாது. ஞாயிறு காலையில் சிறுவாணிச் சாலையில் பழைய வண்டிகளை மனிதர்கள் ஓட்டலாம். அவளிடம் அதற்கான லைசென்ஸ் இருந்தது. உடம்பு நன்றாக இருந்த நாட்களில் கதவில்லாத பந்தய வண்டிகளை ஓட்டியவள்.

"வழியில ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" என்றேன். என் கதையையும் சொன்னேன். "அன்னிக்குக் கதவு திறந்திருந்தா நான் ரோட்டுல விழுந்து போயிருப்பேன்."

"உங்களுக்கு அது ஒரு நாள் திறக்கலைங்ணா. எனக்கு இனிமே ஒரு நாளும் திறக்காது."

என் வழக்கத்தை அன்று முதன்முறையாக உடைத்தேன். ட்யூப்லைட்டுக்குக் கீழேயே அவள் ஒரு சிவப்பைத் தொட்டுக் காட்டினாள். வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்தேன்.

உக்கடத்தில் பழைய இரும்புக் கடைகளில் இரண்டு நாள் அலைந்ததில், பிரிக்காத பெட்டியில் ஒரு ஜோடி கைப்பிடி கிடைத்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு மடல். அதை விரலால் தூக்கி இழுத்தால் கதவு திறக்கும் என்று படம் போட்டிருந்தது. வண்டியின் ஜன்னல் இடுக்கில் கம்பியை விட்டுக் கதவுகளைத் திறந்து, பழையதைக் கழற்றினேன். புதியதைத் தேய்த்து, பிரைமர் அடித்து, மூன்று கோட் சிவப்பு, மேலே இரண்டு கோட் கிளியர். கண்ணாடி மாதிரி வந்தது. விரல் ரேகை படக் கூடாதென்று துணி சுற்றிப் பொருத்திக் கதவைச் சாத்தினேன். எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை போக்குவரத்துத் துறையிலிருந்து ரெஹானா என்ற அதிகாரி என் பட்டறைக்கு வந்தார். வண்டிக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு விநாடி, மூன்று விநாடி. அப்புறம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

"திறக்கும்னு நிக்கறேன் பாருங்க. எங்க இழுக்கணும் இதை?"

நான் காட்டப் போனேன். மடல் அசையவில்லை. இன்னொரு கதவுக்கு ஓடினேன். அதுவும் அப்படியே. குனிந்து பார்த்தேன். மடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய கோடு ஒன்று இருக்க வேண்டும். அதைக் காணோம். மூடியிருந்த நிலையிலேயே ஐந்து கோட் அடித்து நானே ஒட்டி வைத்திருக்கிறேன். இழுத்து நிறுத்திவைத்துத்தான் அடித்திருக்க வேண்டும். அது இழுக்கிற சாமான் என்று புத்திக்குத் தெரிந்திருந்தது. வாழ்நாளில் எதையும் இழுத்துத் திறக்காத கைக்குத் தெரியவில்லை.

"அஞ்சு நிமிஷம் தாங்க மேடம்," என்று பிளேடை எடுத்தேன்.

எடுத்தவன் நின்றுவிட்டேன். இதை இப்படியே விட்டால் சான்று கிடைக்காது. அவள் வீட்டுக்குள் பத்திரமாக இருப்பாள். யாரும் என்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள், பெயிண்டர் சொதப்பிவிட்டான் என்பார்கள், அவ்வளவுதான். வெட்டிவிட்டாலோ, ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு என்ன நடந்தாலும் அதில் என் கையும் இருக்கும். நிஜமாகவே பயமாக இருந்தது. மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் பின்வாங்கிய விதம் நினைவுக்கு வந்தது. எத்தனையோ தடவை பழகினவள் போல, சத்தமில்லாமல் போனாள்.

பிளேடை இடுக்கில் வைத்து இழுத்தேன். பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. விரலைக் கொடுத்துத் தூக்க, டப் என்று கதவு திறந்தது. அடுத்த கதவையும் அப்படியே வெட்டித் திறந்தேன். இரண்டு மடலின் விளிம்பு முழுக்க வெள்ளை இரும்பு பல்லைக் காட்டியது.

"பெயிண்ட் பேந்திருச்சே," என்றார் ரெஹானா.

"ஆமாங்க."

"பெயிண்டைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லை. கதவுக்குப் பத்துத் தடவை திறக்கணும், அவ்வளவுதான்."

அவரே இழுத்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கதவையும் பத்து முடிந்த பிறகும் நிறுத்தாமல் பதினாலு தடவை இழுத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை வண்டியை அவள் ஷெட்டில் கொண்டுபோய் விட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால் போக, நான் என் தானூர்தியில் பின்னால் போனேன். மாதம்பட்டி தாண்டியதும் அவள் ஒரு புளியமரத்தைக் கடந்து, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து ஓரங்கட்டினாள். என் வண்டியும் நின்றது. இறங்கப் போனேன்.

"நடைபாதை இல்லாத இடம். இறங்க அனுமதி இல்லை," என்றது கதவு.

"அவசரம், திற," என்றேன். கத்தினேன். நாடி ஏறியதில் அது இன்னும் உறுதியாகச் சாத்திக்கொண்டது. அங்கே சிவப்புக் கதவு திறந்தது. தன்விகா காலைத் தரையில் வைத்து, கூரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சிறிது தள்ளாடினாள். விழுந்தால் என்னால் போய்ப் பிடிக்க முடியாது.

அவள் விழவில்லை. கதவைச் சாத்தினாள். வெளியிலிருந்து இழுத்துத் திறந்தாள். மறுபடி சாத்தினாள். பிறகு குனிந்து கைப்பிடியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, மெதுவாக நடந்து என் ஜன்னலுக்கு வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கலர் ஒத்து வரலைங்ணா," என்றாள் கண்ணாடிக்கு வெளியே. "கதவை விடக் கைப்பிடி கொஞ்சம் ஆரஞ்சு அடிக்குது."

"அதான் அன்னிக்கே சொன்னேன், வெயில்ல பாக்கணும்னு."

"இப்பத்தான பாக்கறேன்."

அடுத்த வாரம் சரிசெய்து தருகிறேன் என்றேன். கொண்டுவருகிறேன் என்று தலையாட்டிவிட்டு, வெயிலில் இன்னும் கொஞ்ச தூரம் நடந்து போனாள். இறங்கி அவள் பக்கத்தில் நடக்க வேண்டும் போலிருந்தது. என் கை கதவின் வழவழப்பில் மேலும் கீழுமாகத் தடவிக்கொண்டிருந்தது, இழுப்பதற்கு ஏதாவது அகப்படுமா என்று.