இரண்டாவது வெளிச்சம்

விளக்கு ஒன்றுதான் எரிந்தது. கல்லில் கோடு இரண்டாக விழுந்தது.

ஹேமபால கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தான். வைடூரியத்துக்கு ஒரு வெளிச்சம் காட்டினால் நடுவே ஒரே வெள்ளிக் கோடு ஓடும். இரண்டு வெளிச்சம் பட்டால்தான் கோடு பிரிந்து, பூனை விழித்ததுபோல் கண் திறக்கும். இரத்தினபுரியில் கல் தீட்டுகிற எவனுக்கும் இது தெரியும். மழையில் கரண்ட் போயிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது, புத்தர் படத்து விளக்கும் அணைந்துதான் கிடந்தது. பின்னால் கட்டிலில் மகள் ருவினி நீலம் பாரித்த உதட்டோடு தூங்கினாள். அவள் இதயத்து ஓட்டையை அடைக்க, இந்தக் கல்லை விட்டால் அவனுக்கு வேறு கதியில்லை.

கல் தோண்டும் குழியில் கிடைத்ததைக் கூட்டாளிகள் எல்லாருக்கும் காட்டிப் பங்கு வைக்க வேண்டும். தம்பி பியசிறி இதை வாய்க்குள் அடக்கிக்கொண்டு வந்து, பிள்ளைக்கு வைத்துக்கொள் என்று கொடுத்தான். மறுநாள் குழி சரிந்தது. குழிக்குள் மூச்சுவிடக் காற்று இருக்கிறதா என்று பார்க்கக் கையில் பிடித்த மெழுகுவர்த்தியோடு அவன் இன்னும் சேற்றுக்கடியில் கிடக்கிறான்.

மத்தியானம் கூட்டாளி விமலதாச வந்து, குழியிலிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டான். "நெலத்துக்குக் காவல் பூதம் பஹிரவன். தீட்டாத கல்லாத் திருப்பிப் போட்டாத்தான் வாங்குவான் அண்ணே. சாணையில பட்டது அவனுக்கு ஆகாது. கல்லு வராம ஆளை விடமாட்டான்."

ஒன்றும் வரவில்லை என்றான் ஹேமபால. குழிக் கல் என்று அடையாளம் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், விமலதாச போனதுமே கல்லைச் சாணையில் வைத்துவிட்டான்.

இப்போது கண் இன்னும் அகலமாகத் திறந்தது. வெளிச்சங்கள் விலக விலகத்தான் அது அகலும். அவன் விளக்கு அசையவில்லை. மற்ற வெளிச்சம்தான் நடக்கிறது.

ஈரச் சேற்று வாடை. உருகும் மெழுகின் வாடை. தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"தம்பி, பிள்ளைக்காகத்தானேடா எடுத்தே."

விளக்கை ஊதி அணைத்தான். அறை இருண்டது. கல் இருளவில்லை. ஒரே கோடு. ஒரு பாதி பால், மறுபாதி தேன். வெளிச்சம் வரும் பக்கம்தான் தேனாகத் தெரியும்.

உள்ளங்கையில் கல்லைத் திருப்பினான். தேன் கட்டில் பக்கமே நின்றது. மறுபடி திருப்பினான். கட்டில்தான்.

"கல்லை எடுத்துக்கடா. அவளை விட்டுரு."

பின்னாலிருந்து ருவினி பேசினாள்.

"அப்பா, தீட்டின கல்லு வேணாமாம்."

திரும்பினான். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். சேறு படிந்த கை ஒன்று அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. மெழுகுவர்த்தி அவள் கையில் இருந்தது.