அவசரத்துக்கு வைத்த பெட்டி

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் காற்று போய்விடும் என்று முதல் நாளே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் அது வாராவாரம் வருகிற காற்றுவெட்டு. பராமரிப்புக்காக ஊதுகுழாய்களை நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்குள் இருக்கிற காற்றை வைத்துச் சமாளிக்க வேண்டும். குடித்தனக்காரர்கள் சமையலை முன்னாலேயே முடித்து, சண்டைகளை மாலைக்கு ஒத்திவைத்து, மூச்சை அளவாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். செவ்வாயிலேயே குடியிருப்பவர்கள் என்பதால் செவ்வாய் தோஷம் பார்ப்பதை மட்டும் கைவிட்டிருந்தார்கள். பழக்கதோஷம் மூட்டை மூட்டையாகக் கூடவே வந்திருந்தது.

கலியமூர்த்திக்குக் காற்றுவெட்டு நாள்தான் பெட்டி துடைக்கும் நாள்.

அது உயிர்ப்பெட்டி. சுவர் விரிசல் விட்டால் பிழைத்துக்கொள்வதற்காக வீட்டுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். உள்ளே இரண்டு மூச்சுக்கவசம், விரிசல் அடைக்கும் பசை, கைவிளக்கு, மருந்து, கட்டுத்துணி, ஒரு பொட்டலம் கடலைமிட்டாய். பழைய காலத்துப் பெட்டிகளுக்குச் சாதாரணத் தாழ்ப்பாள்தான். பிள்ளைகள் மிட்டாயைத் தின்றார்கள். பெரியவர்கள் விளக்கை எடுத்துத் திருப்பி வைக்க மறந்தார்கள். ஆபத்து வந்து திறந்தபோது உள்ளே ஒரு கரப்பான்பூச்சி இருந்தது. அதற்குப் பெட்டி தேவைப்படவில்லை.

ஆகவே புதிய பெட்டிகளில் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுப் பழகறிவை வைத்தார்கள். வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, எது அவசரம், எது இல்லை என்று பெட்டி தானே கற்றுக்கொள்ளும். அவசரம் என்று தோன்றினால் திறக்கும்.

கலியமூர்த்தி நல்ல வாத்தியார். மனைவி வேதவல்லி கையைச் சுட்டுக்கொண்டு மருந்து கேட்டபோது, “இதுக்கெல்லாமா? தண்ணியில காட்டு. அது அவசரத்துக்கு வெச்சது” என்றார். புழுதிப்புயலில் விளக்கு அணைந்தபோது, “உள்ளங்கை அகல வீடு. தடவிக்கிட்டுப் போக மாட்டியா?” என்றார். நியாயமாகச் சொன்னால், தன் காலில் குழாய் விழுந்து நகம் பெயர்ந்தபோதும் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் கட்டிக்கொண்டார். பெட்டியோடு ஒட்டி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அவர் உரிக்கவில்லை.

விருந்தாளி வந்தால் மட்டும் கதை வேறு. “வாங்க, வாங்க, உட்காருங்க. நம்ம பெட்டியைப் பார்த்திருக்கீங்களா?” என்பார். முதலில் சில தடவை ‘திற’ என்று சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, வந்தவருக்குக் கடலைமிட்டாய் கொடுத்து, குறைந்ததை நிரப்பி மூடுவார். அலமாரியிலிருந்து பூப்போட்ட கோப்பைகள் வெளியே வருவதும் அப்போதுதான். வேதவல்லி அந்தக் கோப்பைகளைக் கழுவியிருக்கிறாளே தவிர, ஒருநாளும் அதில் குடித்ததில்லை.

அன்று அவர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அடுக்களையில் சீழ்க்கை அடிப்பதுபோல் ஒரு சத்தம். வேதவல்லி போய்ப் பார்த்தாள். மேடைக்கு மேலே நூல் கனத்தில் ஒரு விரிசல். அவளுடைய முந்தானை தானாக எழும்பி அதை நோக்கிப் போனது.

“என்னங்க, சுவர் காத்தை உறிஞ்சுது.”

“காத்துவெட்டுன்னா அப்படித்தான் இருக்கும்.”

“காத்துவெட்டுல புடவையா பறக்கும்? வந்து பாருங்க.”

அவர் எழுவதற்குள் தெருக்கதவு தானாக இறுகிப் பூட்டிக்கொண்டது. ஒரு வீட்டு விரிசல் ஊரையே கொல்லாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. மீட்பு வண்டி வரும்வரை இனி பெட்டிதான் கதி.

கலியமூர்த்தி பயப்படவில்லை. உண்மையில் அவர் முகத்தில் ஒரு கல்யாணக் களை வந்திருந்தது. “இருபது வருஷமா எதுக்குக் கட்டிக் காத்தேன்? இப்ப பாரு” என்று பெட்டியின் முன் நிமிர்ந்து நின்றார். “திற.”

பெட்டி யோசித்தது. பிறகு அவர் குரலின் அதே இழுப்போடு சொன்னது: “இதுக்கெல்லாமா?”

“சுவர்ல ஓட்டை. காத்து போகுது.”

“கொஞ்சம் பொறுத்துக்க மாட்டீங்களா? இது அவசரத்துக்கு வெச்சதுங்க.”

குழவியைத் தூக்கி மூடியில் போட்டார். கீறல்கூட விழவில்லை. பாறை விழுந்தாலும் உடையாது என்று அவரே எத்தனையோ பேரிடம் பீற்றிக்கொண்ட பெட்டி. வேதவல்லி அரைத்து வைத்திருந்த உளுந்தை அள்ளி விரிசலில் அப்பினாள். சுவர் அதையும் ருசித்து விழுங்கிவிட்டது. காதுகள் அடைத்தன. கலியமூர்த்தி மூச்சிரைக்கச் சரிந்து உட்கார்ந்தார்.

“வேதா, நான்தான் இதை இப்படிப் பழக்கி...”

“பேசாதீங்க. மூச்சு வீணாகுது.”

அவள் பெட்டியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

“வாங்க, வாங்க. எப்ப வந்தீங்க? வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

காற்றுக் குறைவில் இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று கலியமூர்த்திக்குக் கண் கலங்கியது.

“உட்காருங்க. நம்ம பெட்டியைப் பார்த்திருக்கீங்களா?”

க்ளிக். மூடி திறந்தது. உள்ளே விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. “வணக்கம். இது இரட்டை வடிகட்டி மூச்சுக்கவசம். கையில எடுத்துப் பாருங்க” என்று பெட்டி உபசரிக்கத் தொடங்கியது. வேதவல்லி ஒன்றை அவர் முகத்தில் மாட்டி, இன்னொன்றைத் தான் மாட்டிக்கொண்டு, பசைக்குழாயோடு அடுக்களைக்கு ஓடினாள். “மிட்டாய் எடுத்துக்கலையே” என்றது பெட்டி.

மீட்பு வண்டி வந்தபோது சுவர் அடைபட்டிருந்தது. பெட்டியை அங்கேயே பிரித்து ஆராய்ந்த பொறியாளர், பழுது எதுவும் இல்லை, மிக நன்றாகக் கற்றிருக்கிறது என்று சான்று கொடுத்தார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்க வீட்டுப் பெட்டி மாப்பிள்ளை வந்தாத்தான் சார் திறக்குது.”

மறுநாள் காலை கலியமூர்த்தி காப்பி போட்டார். அலமாரியைத் திறந்து பூப்போட்ட கோப்பை ஒன்றை எடுத்து அதில் ஊற்றினார். வேதவல்லி கூடத்துக்கு வந்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க, வாங்க” என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. “உட்காருங்க.”

“இந்த மரியாதைக்குச் சுவர் உடைய வேண்டியிருந்துச்சா?” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள்.

மூலையில் க்ளிக் என்றது. பெட்டி திறந்துகொண்டது. வேதவல்லி கையை நீட்டி ஒரு கடலைமிட்டாயை எடுத்தாள். ‘அது அவ...’ என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த அவர் வாய், காப்பியை ஊதுவதுபோல் பாவனை செய்து முடித்துக்கொண்டது. அவள் இரண்டாவதும் எடுத்தாள்.

காப்பி தீர்ந்த பிறகு பெட்டி பணிவாகக் கேட்டது: “விருந்தாளி கிளம்பிட்டாங்களா? மூடிடலாமா?”

கலியமூர்த்தி தன் மனைவியைப் பார்த்தார்.

“இல்ல” என்றார். “இப்பத்தான் வந்திருக்காங்க.”