சிரிப்புப் பொத்தான்

“கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?”

மழைக்குப் பயந்து படப்பிடிப்புத் தளத்துக்குள் ஓடியவளும் உள்ளேயிருந்து ஓடிவந்தவனும் வாசலில் முட்டிக்கொண்டார்கள். அவன் ஹெட்போன் தண்ணீரில் விழுந்தது.

“முன்னாடிதாங்க இருக்கு... உங்களைப் பார்த்ததும் வேலை செய்ய மாட்டேங்குது.”

“இந்த வசனத்தையெல்லாம் உள்ள போய்ப் பேசுங்க!”

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இமையில் மழைத்துளி நிற்க ஒருவன் அப்படிப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் நிலைக்கும்? ஆனால் அன்று அவளுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. பின்னால் குடையோடு அப்பா வந்துகொண்டிருந்தார்.

இருபது வருஷத்துக்கு முன், வாராவாரம் வந்த நகைச்சுவைத் தொடரில் ‘மாடி வீட்டு மாமா’வாக வந்து எல்லோரையும் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவர். அதுவே வினையாகப் போனது. நீதிபதி வேஷம் கேட்டுப் போனாலும், “மாமா, உங்களைப் பார்த்தாலே சிரிப்பு வருதே!” என்று அனுப்பிவிட்டார்கள். கூட நடித்த கதாநாயகி அரசியலுக்குப் போனாள், தம்பியாக வந்தவன் பெரிய ஹீரோ ஆனான். அப்பா மட்டும் அந்த மாடியிலேயே தங்கிவிட்டார்.

இன்று பழைய குழு மறுபடி கூடும் நிகழ்ச்சி. அதில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நிமிஷச் சோகக் காட்சி வாங்கியிருந்தார். தகப்பன் வேஷத்துக்கு ஆள் தேடும் இயக்குநர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். “இன்னைக்கு விட்டா அவ்வளவுதாம்மா...” என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார் அப்பா.

விளக்குகள் எரிந்தன. காட்சியில் இறந்துபோன மனைவியின் படத்தைப் பார்த்து அப்பா பேசினார்.

“நீ போனப்புறமும்... ரெண்டு தட்டுதான் எடுத்து வைக்கிறேன்.”

நிறுத்தினார். ஒவ்வொரு வசனத்துக்கும் பின் சிரிப்பு அடங்க மூன்று எண்ணிவிட்டுப் பேசுவது அந்தத் தொடரில் ஊறிய பழக்கம்.

குபீரென்று ஒலிபெருக்கியில் சிரிப்பு வெடித்தது! பதிவுசெய்த சிரிப்பு. கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

அப்பாவின் முகம் வெளுத்தது. பிறகு பழைய மாமாவைப் போலவே குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டார். அவள் ஒலிப்பதிவு அறைக்குப் படியேறி ஓடினாள். சிரிப்பொலியை எழுப்பும் பொத்தானருகே... அவன்!

“நீங்களா? இருபது வருஷம் காத்திருந்த மனுஷனை ஒரு நொடியில சாகடிச்சிட்டீங்களே!”

“மறுஒளிபரப்புக்காகப் பழைய எபிசோடு அத்தனைக்கும் சத்தத்தைச் சரி பண்ணினவன் நானுங்க. அவர் நிறுத்தினதும்... கை தானா போயிடுச்சு. தப்புதான்.”

“என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்?”

அவன் சட்டென்று எழுந்தான். “வெளிய போனா உன் வேலை போயிடும்!” என்று அறையிலிருந்த தயாரிப்பாளர் கத்தியது காதில் விழாதவன்போல் மேடையேறி மைக்கை எடுத்தான்.

“அவர் சிரிக்க வைக்கலைங்க. பொத்தானை அமுக்கினது நான். ஐயா... இன்னொரு தடவை பண்ணுங்க.”

மேடைக்குக் கீழே அப்பா தயங்கி நின்றார்.

“ஏறுங்கப்பா...” என்றாள், பின்னாலேயே இறங்கிவந்த அவள்.

ஏறினார். அதே வசனம். அதே நிறுத்தம். ஒன்று... இரண்டு... மூன்று... ஒரு இருமல்கூட எழவில்லை. முடிந்ததும் இயக்குநர் எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டார். “நாளைக்கு ஆபீசுக்கு வந்துடுங்க ஐயா.” ‘மாமா’ என்று கூப்பிடவில்லை. அப்பா குழந்தை மாதிரி அழுதார்.

அவள் அவனைத் தேடினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் இறங்கப் போனான்.

“வேலை...?”

“போச்சுங்க.”

சொல்லிவிடுவோமா? மானம் போய்விடுமோ? அவன் ஒரு படி இறங்கினான்...

“நில்லுங்க! உங்க மேல கோபம் இன்னும் தீரலை. ஆனா நீங்க இப்படிப் போனா... என்னால தாங்க முடியாது. ஒரே நாள்ல இப்படி வருமான்னு கேக்காதீங்க. வந்துடுச்சு.”

அவன் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

“நான் வேலையில்லாதவன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க...”

“யோசிச்சா சொல்ல மாட்டேன். அதான் இப்பவே சொல்றேன்.”

பையைக் கீழே வைத்தான்.

“அப்ப நானும் யோசிக்கல... எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு.”