காற்றோடைப் புறம்போக்கு

கற்களிடம் வாக்குமூலம் வாங்குவதற்குக் காலை வேளைதான் தோதானது. இரவெல்லாம் மின்னூட்டம் ஏறி, கேட்காததையும் சேர்த்துச் சொல்லும் உற்சாகத்தில் இருக்கும். மாலையில் போனால் ஆமாம், இல்லை என்பதோடு வாயை மூடிக்கொள்ளும்.

தேரியூரின் நில அளவர் தங்கபுஷ்பம் தினமும் பல் விளக்கிய கையோடு இந்த வேலையில்தான் இறங்குவாள். ஒரு கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "இடம் மாறினியா?" என்று கேட்பாள். இல்லை என்று கல் சொல்லும். "யாராவது தொட்டாங்களா?" என்பாள். "ரெண்டு பிள்ளைக மேல ஏறி உக்காந்து பொரி தின்னுச்சு" என்று கல் சொல்லும். அதையும் பதிந்துகொண்டு அடுத்த கல்லுக்குப் போவாள்.

தேரியூர் இருப்பது செவ்வாய்க் கோளில், ஒரு பெரிய கண்ணாடிக் குமிழுக்குள். முதலில் வந்து இறங்கியவர்கள் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டுக்காரர்கள். கலத்தின் சன்னல் வழியே சிவந்த மணலைப் பார்த்து, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நொந்துகொண்டு, பழைய பெயரையே வைத்துவிட்டார்கள். குமிழுக்கு வெளியே ஒரு கோள் முழுக்கக் கேட்பாரில்லாமல் கிடந்தது. குமிழுக்குள்ளே ஒரு சாண் இடத்துக்கு அண்ணனும் தம்பியும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். முதலில் தங்கபுஷ்பத்துக்கு இது சிரிப்பாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. இப்போது வெறும் அருவருப்புதான் மிச்சம். அடுத்தவன் வேலியை மோப்பம் பிடித்துக்கொண்டு அலையும் அந்த முகங்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சாதாரணக் கற்களை மக்கள் ராவோடு ராவாகப் பிடுங்கி நட்டார்கள். அளவர்களோ, கையூட்டு தந்தவன் பக்கம் அளவு நூலைச் சாய்த்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து மருந்தாக அரசு கொண்டுவந்ததுதான் உணர்கல். அதற்குக் காது உண்டு, வாய் உண்டு, பழகப் பழகக் கற்றுக்கொள்ளும் மூளையும் உண்டு. குளிரில் நிலம் புடைத்துக் கல்லைத் தள்ளிவிட்டால் தானே நகர்ந்து பழைய இடத்துக்குத் திரும்ப, அடியில் நண்டுக்கு இருப்பதுபோல் குட்டிக் கால்களும் வைத்திருந்தார்கள். கல் சொன்னதே எல்லை. அதற்கு மேல் முறையீடு கிடையாது. விற்பனைகூடக் கல்லின் முன்னால்தான். விற்பவர் கல் சாட்சியாக நின்று, "இது இனி உன்னுடையது" என்று வாயால் சொன்னால் போதும், பத்திரம் பதிந்ததாக அர்த்தம்.

மனிதன் பொய் சொல்வான், கல் சொல்லாது என்பது சட்டத்தை எழுதியவர்களின் நம்பிக்கை. அந்தக் கல் நாள் முழுக்க யாருடைய பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கப்போகிறது என்று அவர்கள் யோசிக்கவில்லை.

அன்றைக்குத் தங்கபுஷ்பம் வேலையில் இறங்கும் முன்பே கடைமடைத் தெரு மாடத்தி வந்து வாசலில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவள்.

"அக்கா, எங்க தெருவுல காத்தே இல்ல. பிள்ளைக காலைல எந்திரிக்கையிலேயே தலை வலிக்குன்னு அழுவுது. காத்து வாரியத்துல கேட்டா, இன்னும் கொறஞ்சா தெருவையே மூடிட்டு எங்கள, குமிழு கட்டுறதுக்கு முன்ன சனங்க கெடந்த பழைய குகைக்கு அனுப்பிருவாங்களாம். இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் தவணைங்காவ. அந்தக் குகையில மனுசன் இருக்க முடியுமாக்கா?"

தேரியூருக்கு மூச்சு கொடுப்பது மேற்கே இருந்த பாசிக்கூடம். அங்கே பாசி விடும் காற்று, வீடுகளின் பின்புறமாக ஓடும் ஒரு திறந்த பாதை வழியே ஊர் முழுக்கப் போய், கடைசியில் மாடத்தியின் தெருவை அடையும். அந்தப் பாதைக்குக் காற்றோடை என்று பெயர். பதிவில் அது காற்றோடைப் புறம்போக்கு. புறம்போக்கு என்ற சொல்லைத் தேரியூர்க்காரர்கள் இரண்டே பொருளில் அறிவார்கள். ஒன்று, பிடிக்காதவனைத் திட்டுகிற வார்த்தை. மற்றொன்று, நாளைக்கு நம்முடையதாகப் போகிற இடம்.

தங்கபுஷ்பம் தட்டானைப் பறக்கவிட்டாள். தட்டான் என்பது விரல் நீள அளவுப்பொறி. பறந்துகொண்டே அளந்து சொல்லும். சட்டத்தின் முன் அதன் சொல்லுக்கு மதிப்பில்லை என்றாலும் பொய் சொல்லத் தெரியாத பூச்சி. ஓடை குறுகிவிட்டதாக அது சொன்னதைக் கேட்டுவிட்டு அவளே ஓடைக்குள் இறங்கி நடந்தாள். இரண்டு வண்டிகள் எதிரும் புதிருமாகப் போகிற அகலம் இருந்த இடத்தில், பாதி தூரத்துக்கு மேல் அவள் உடம்பை ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டியிருந்தது. ஒருவர் மாவு அரைக்கும் கொட்டகை போட்டிருந்தார். ஒருவர் மருமகனுக்கு அறை எடுத்திருந்தார். இன்னொருவர் வெறுமனே ஒரு சுவரைக் கட்டி வைத்திருந்தார், பின்னால் எதற்காவது உதவும் என்று. அத்தனை பேரும் சேர்ந்து ஊரின் தொண்டையை நெரித்துக்கொண்டிருந்தார்கள், அத்தனை பேரும் அவளைப் பார்த்து, "காப்பி சாப்பிடுதீங்களா?" என்று கேட்டார்கள். சீ என்று வந்தது அவளுக்கு.

எல்லாவற்றிலும் பெரிய நீட்டல் பலசரக்குக் கடை ஆவுடையப்பனுடையது. ஊரில் நல்ல பெயர் எடுத்தவர், நன்கொடை என்றால் முதல் ஆள். அவருடைய வீட்டுப் பின்மூலைக் கல்லைப் பார்த்துத் தங்கபுஷ்பம் நின்றுவிட்டாள். கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, இடுப்பில் சரிகை வேட்டி கட்டி, தலைக்கு மேல் சின்னதாக ஒரு மண்டபமும் எழுப்பியிருந்தார்.

"இடம் மாறினியா?" என்று கேட்டாள்.

"ஏம்மா, சாமிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றது கல். பேச்சு அச்சு அசலாக ஆவுடையப்பனின் பேச்சு.

"நீ சாமி இல்ல. அரசாங்கக் கல்லு. ஓடைக்குள்ள இவ்ளோ தூரம் எப்படி வந்த?"

"நடந்துதான். கால் குடுத்திருக்காங்கல்லா."

"அது பழைய இடத்துக்குத் திரும்புறதுக்குக் குடுத்த கால்."

"கால் இருந்தா நடக்கணும். பக்கத்துக் கல்லு நகருது, அதுக்கு அடுத்த கல்லும் நகருது. நான் மட்டும் இளிச்சவாயனாட்டம் நிக்கணுமா? பாவம், அந்த மனுசன் வெள்ளிக்கெழம தவறாம சக்கரைப் பொங்கல் வைக்காரு. எனக்குத் திங்க வாயில்ல, சரி. ஆனா மனசு இருக்குல்லா."

ஓடைக்கரையின் மற்ற கற்களும் மஞ்சள் பூசி, மாலையோடுதான் நின்றன. ஒருத்தருக்குப் பலித்ததைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்திருந்தார்கள். ஒருவன் செய்த அசிங்கம் ஊரே செய்தால் வழக்கம் ஆகிவிடுகிறது. தங்கபுஷ்பம் காறித் துப்ப வாயெடுத்து, காற்றோடையாயிற்றே என்று விழுங்கிக்கொண்டாள்.

மேலதிகாரி குருசுமுத்து விவரத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். அவர் நில அளவைத் துறையின் சார் ஆய்வாளர். ஓய்வு பெறப்போகிறவர், அந்த நாற்காலி அடுத்து தங்கபுஷ்பத்துக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தட்டான் பெட்டி தூக்கும் சங்கிலி ஆளாகச் சேர்ந்தவள் அவள். நிலம் அளக்கும் சங்கிலி ஒழிந்து தலைமுறைகள் ஆகியும் அந்தப் பதவிக்குப் பெயர் மட்டும் மாறவில்லை. அங்கிருந்து அளவர், அளவரிலிருந்து சார் ஆய்வாளர். அதற்குப் பிறகு யாருடைய வேலி ஓரத்திலும் போய் நிற்க வேண்டாம். அந்த ஒன்றுக்காகத்தான் அவள் இந்த நாற்றத்தையெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சகித்தாள்.

"தங்கம், நான் எப்படி மேல வந்தேன்னு நெனைக்க?" என்றார் குருசுமுத்து. "ஒரு கல்லையும் உத்துப் பாக்கல. உத்துப் பாத்தவன் எல்லாம் இன்னும் வெயில்லதான் நிக்கான். வழக்கு நிலுவையில இருந்தா ஒனக்குப் பதவி வராது. பேசாம இரி."

"கடைமடைல பிள்ளைக மூச்சு விடணும் சார்."

"மூச்சு காத்து வாரியத்துக்க வேலை. நம்ம வேலை எல்லை."

ஓடைக்கரை முழுவதன் மேலும் அவள் வழக்குப் போட்டாள்.

விசாரணை ஓடைக்கரையிலேயே நடந்தது. நடுவர் தலைநகரக் குமிழிலிருந்து திரையில் வந்தார். ஆவுடையப்பன் சலவை வேட்டியில், கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். கல் தன் பக்கம். கல் சொன்னதே எல்லை. அவருக்கு என்ன பயம்?

"உன் இடம் எது?" என்று கல்லைக் கேட்டார் நடுவர்.

"நான் நிக்கிற இடம்தான்."

ஆவுடையப்பன் தங்கபுஷ்பத்தைப் பார்த்துப் புன்னகை செய்தார். நடுவர் வழக்கமான அடுத்த கேள்வியைக் கேட்டார். "உனக்கு உட்புறமாக உள்ள நிலம் யாருக்குப் பாத்தியம்?"

"எனக்குத்தான்" என்றது கல்.

ஆவுடையப்பன், சாமி விளையாடுகிறது என்று நினைத்து லேசாகச் சிரித்தார். கல் விளையாடவில்லை. அதன் வயிற்றுக்குள்ளிருந்து ஆவுடையப்பனின் குரல், மணியோசையோடு, உருக்கமாக வந்தது. "இந்த வீடு, வாசல், கடை, கண்ணி, எல்லாம் ஒன்னுதுதான் சாமி. எனக்குன்னு ஒண்ணுமில்ல. நான் சும்மா காவலுக்கு இருக்கேன்."

"வெள்ளிக்கெழம தோறும் சொல்லியிருக்காரு" என்றது கல். "நான் ஒரு தடவைகூட கேக்கல. அவராத்தான் சொன்னாரு."

"ஐயா, அது கும்புடும்போது எல்லாரும் சொல்லுததுதான" என்று எழுந்தார் ஆவுடையப்பன். "மனசார யாரு சொல்லுவா?"

மனசார என்று சட்டத்தில் எங்கும் இல்லை. வாயார என்றுதான் இருந்தது. பக்கத்துக் கல்லும் பேசியது. அதற்கு அடுத்ததும் பேசியது. கும்பிடும்போது எல்லாரும் சொல்வதை எல்லாரும் சொல்லித்தான் இருந்தார்கள். ஒரு குரலில் அழுகைகூட இருந்தது. நடுவர் தீர்ப்பைப் படித்தார். ஓடைக்கரை மனைகள் அனைத்தும், கற்கள் இப்போது நிற்கும் இடம் வரை, கற்களுக்கே சொந்தம். அங்கே குடியிருப்பவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். கற்கள் ஆட்சேபிக்காத வரை இருந்துகொள்ளலாம்.

"அப்ப ஓடை?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம். "கடைமடைக்குக் காத்து?"

"உரிமையாளர்களிடம் மனுச் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு நடுவர் மறைந்தார்.

வீடு பறிபோன ஊர் வெட்கப்படும், குறைந்தது ஒரு நாளாவது வாயடைத்துக் கிடக்கும் என்று தங்கபுஷ்பம் நினைத்தாள். மறுநாள் காலையிலேயே கற்களின் முன்னால் வரிசை நின்றது. என்னை விட்டுவிடு சாமி என்று கேட்டவர்களைவிட, முதலில் பக்கத்து வீட்டுக்காரனை வெளியேற்று என்று கேட்டவர்கள்தான் அதிகம். வரிசையில் முதல் ஆள் ஆவுடையப்பன். கையில் ஆளுயர மாலை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தைக் கடந்தாள், அந்தக் காற்றைத் தானும் சுவாசிக்கக் கூசியதுபோல.

தவணை முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. மாடத்தியும் கடைமடைத் தெரு ஆட்களும் பின்னால் வர, தங்கபுஷ்பம் ஆவுடையப்பன் வீட்டுப் பின்மூலைக் கல்லின் முன் போய் நின்றாள். மாடத்தி எங்கிருந்தோ ஒரு தேங்காய் கொண்டுவந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கல்லுக்கும் குனியாதவள் தங்கபுஷ்பம். இப்போது தேங்காயை உடைத்தாள், கையைக் கூப்பினாள். கூப்பிய கைகள் தன்னுடையவைதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. போய்ச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று தோன்றியது.

"என்னம்மா வேணும்?" என்றது கல்.

"நீங்க எல்லாரும் பழைய இடத்துக்குப் போகணும். ஓடை பழையபடி அகலமாகணும். அந்தத் தெருவுல பிள்ளைங்க இருக்கு."

கல்லுக்குள் ஏதோ முரலும் ஓசை கேட்டது. மற்ற கற்களோடு கலந்துகொள்கிறது போலிருந்தது.

"சரி. பிள்ளைங்கன்னு சொல்லுத. நாங்க தள்ளிக்கிடுதோம். நீட்டிக் கட்டினதையெல்லாம் இடிக்கச் சொல்லியிருதோம்."

பின்னால் மாடத்தி அழுதுவிட்டாள். தங்கபுஷ்பத்துக்கும் கண் கலங்கியது. இத்தனை வருடத்தில் மனிதர்களில் ஒருவர்கூடச் சரி என்று சொல்லிப் பின்வாங்கியதை அவள் பார்த்ததில்லை. கல்லிடம் போய் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றது கல். "எங்களுக்குச் சேத்து ஒரு கோயில் கட்டிக் குடுத்துருங்க. தனித்தனியா நிக்கது நல்லால்ல."

"கட்டிரலாம். எந்த எடத்துல?"

"ஓடைக்கு நடுவுல. அங்கதான் காத்து நல்லா வருது."

தங்கபுஷ்பம் கல்லையே பார்த்தாள். "ஒனக்கு எதுக்குக் காத்து? நீ மூச்சா விடுத?"

"எனக்கு இல்லம்மா. கும்புட வாரவங்களுக்கு."

அவள் திரும்பினாள். மாடத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். "சாமி வாயால கேட்டுட்டுக்கா" என்றாள். "மாட்டோம்னு சொல்லப்பிடாது." அவளுக்குப் பின்னால் நின்ற கடைமடைத் தெரு முழுவதும் தலையாட்டியது. தலைவலிக்கும் பிள்ளைகளும் பெரியவர்களைப் பார்த்துத் தாங்களும் கும்பிட்டன.

ஆவுடையப்பன் அதற்குள் ஓடையில் இறங்கிவிட்டார். நன்கொடை என்றால் முதல் ஆள் அல்லவா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நூலின் ஒரு முனையைக் காலால் மிதித்து, மறுமுனையைத் தங்கபுஷ்பத்தை நோக்கி நீட்டினார்.

"சர்வேயரம்மா, அஸ்திவாரத்துக்கு ஒரு அளவு போட்டுக் குடுங்க. கொஞ்சம் தாராளமாவே போடுங்க. புறம்போக்குதான?"